என் ஈஸ்டுக்குள் இட்லிக் கரண்டி

ரானுயி பக்கம் யாரிடமாவது பியர் ஈஸ்ட் இருக்கிறதா? அவசரம்.

வீட்டில் பியர் போட, காலையிலிருந்து காய்ச்சி ஆறவைத்த மால்ட் சாறு வாளி நிறைய இருக்கிறது. இன்றைக்கே ஈஸ்ட் சேர்க்காவிட்டால் அத்தனையும் பாழ்.

ஈஸ்ட் தயாராகத்தான் இருந்தது. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில், கண்ணாடி ஜாடியில், பிள்ளை மாதிரி வளர்த்தேன். இந்தக் குளிரில் வீட்டில் வெதுவெதுப்பான இடம் அது ஒன்றுதான். இட்லி மாவும் அங்கேதான் இருக்கும்.

இன்று ஜாடியைத் திறந்தால் புளித்த மோர் வாடை. இனி அது பியருக்கு ஆகாது.

மனைவியிடம் கேட்டேன்.

"நேத்து மாவு பொங்கவே இல்லைங்க. உங்க ஈஸ்ட்ல ஒரு கரண்டி எடுத்து ஊத்தினேன்."

"எந்தக் கரண்டி?"

"மாவு கலக்குன கரண்டிதான். அதை வேற கழுவணுமா?"

அந்த ஜாடியைக் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டு, மூச்சுக்கூட மேலே படாமல் மூடி வைத்தவன் நான்!

நியூ லின்னில் ஈஸ்ட் விற்கும் கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருக்கிறது.

இட்லி என்னவோ பஞ்சு மாதிரி வந்திருக்கிறது. "வாராவாரம் இந்த ஈஸ்டைச் செஞ்சு வைங்க" என்கிறாள்.

ஈஸ்ட் தருகிறவருக்கு இட்லி நிச்சயம். பியர் கிடைக்குமா என்பது, நீங்கள் எவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.