கடல் தொட்டிக்குப் பீலித் தண்ணீர்

ராகலைப் பக்கத்தில் ஜெயகாந்தனைத் தெரியாதவர்கள் குறைவு. "கடலுக்காரன்" என்றால் பஸ் கண்டக்டர்கூடச் சிரித்துக்கொண்டே இறக்கிவிடுவார். பனி மூடிய மலையில், கொழுந்து பறிக்கிற ஜீவராணியைக் கட்டிக்கொண்டு, தோட்டத்து லயத்தில் ஓர் அறைக் காம்பிராவில் குடியிருக்கிறவனுக்கு அப்படி ஒரு பெயர். நுவரெலியா டவுனில் சரிபுதீன் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், கற்கள், பண்ணையில் வளர்த்து வாங்கிய பவளங்கள், வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். அந்தச் சின்னக் கடலுக்கு அவன்தான் பொறுப்பு.

இளவட்டத்தில் எல்லாரையும் போல அவனும் கொழும்புக்கு வேலை தேடிப் போனவன்தான். புடவைக் கடை, ஹோட்டல் என்று கூட்டாளிகள் போன வழியில் போகாமல், வளர்ப்பு மீன் விற்கிற ஒரு கடையில் போய் ஒட்டிக்கொண்டான். உப்புக் கரைக்கவும் பவளத்தை ஒட்டவும் அங்கே கற்றான். அப்பா அழகுமுத்து படுக்கையில் விழுந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கே வந்தான். அவன் வந்த நேரம் பார்த்து சரிபுதீன் முதலாளிக்கும் கடையில் கடல் வைக்கிற ஆசை வந்தது. நல்ல காலம்தான், வேறென்ன.

வேலை தெரிந்தவன், அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் தலைக்கனம்! தொட்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், முகம் அஷ்டகோணலாகிவிடும். மேசை துடைக்கிறவர்கள் தொட்டிக் கண்ணாடியில் கைவைக்க முடியாது. முதலாளியே கேட்டுக்கொண்டுதான் கிட்டப் போவார்.

ரபீக்காவை மட்டும் அவன் கிட்ட விட்டான். ரபீக்கா முதலாளியின் தங்கை. புருஷன் மவுத்தாகி, விதவை வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்து, கடைக்கு மேல்மாடியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஆளோடு ஆள் பேசுவது குறைவு. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுக் கீழே இறங்கி வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மீன்களையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீருக்குள் காளான் குடை மாதிரி விரிகிற ஒரு பவளம் உண்டு. அதன் மேல் பூப்பூவாகக் கைகள் ஆடும். அது விரிந்திருந்தால் ரபீக்காவின் முகமும் கொஞ்சம் விரியும். ஜெயகாந்தன் தீனியில் ஒரு சிட்டிகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பான். அவர் அதைத் தூவுவார். நாள் முழுவதிலும் அவர் சிரிக்கிற நேரம் அதுதான் என்று முதலாளியின் மனைவி ஸஹ்லாவே சொல்லுவாள்.

பிறகு தொட்டியில் பாசி பிடித்தது. முதலில் கற்களில் பச்சை மயிர் மாதிரி, பிறகு கண்ணாடி முழுக்க. காளான் பவளம் சுருங்கியது, விரியவே மாட்டேன் என்றது. இன்னொன்று கரைந்தே போனது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தான். பாசியை வளர்க்கிற பொஸ்பேட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நீலம் காட்டும் மருந்து அது. பள்ளிக்கூடத்து மைப்போத்தல் கெட்டது போங்கள், அவ்வளவு நீலம்.

அவன் சும்மா இருக்கவில்லை. பாசியைச் சுரண்டினான், மணலைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுத்தான், பொஸ்பேட்டைப் பிடித்துவைக்கிற இரும்புத் துகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்துப் போட்டான். தண்ணீரை மாற்றினான், மறுபடி மாற்றினான். மாற்ற மாற்ற நீலம் குறையாமல் ஏறியது. கல்லுக்குள் ஊறியிருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், பொறுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் இது வெளியே வருகிற மாதிரி இல்லை, யாரோ உள்ளே கொண்டுவந்து ஊற்றுகிற மாதிரி இருந்தது.

ஊற்றியது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? இவன்தான். கடல் தொட்டிக்கு உப்புக் கரைக்கிற தண்ணீரை மெல்லிய சவ்வு வைத்த பில்டரில் வடித்து எடுக்க வேண்டும், இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. கடையின் பின்பக்கம் அந்த பில்டர் இருந்தது. சொட்டுச் சொட்டாக வடியும், பாதிக்கு மேல் வீணாய்ப் போகும். ஜெயகாந்தன் அதைப் பார்த்து முகம் சுளித்தான். அவன் லயத்துக்குக் கீழே பாறை இடுக்கிலிருந்து ஊற்றுத் தண்ணீர் பீலியாக விழுகிறது. ஐஸ் மாதிரித் தண்ணீர். வெளியூர்க்காரர்களே போத்தலில் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"எங்க பீலித் தண்ணிய வடிகட்டணுமாம்ல! அதுல வடிகட்ட என்னடி இருக்கு?" என்று ஜீவராணியிடம் சிரித்தான். திலக்ஷன் தினமும் காலையில் மரக்கறி ஏற்றி டவுனுக்கு லொறி விடுகிறவன். கேன்களில் பீலித் தண்ணீரைப் பிடித்து அந்த லொறியில் ஏற்றினான் ஜெயகாந்தன். பில்டர் மூலையில் தூசி பிடித்தது. முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. கொழும்புக் கடைக்காரர் போனில், "தண்ணி எதுல எடுக்கிற?" என்று கேட்டபோது, "பில்டர்லதாங்க" என்று நாக்கூசாமல் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடை நிறையச் சனம். முதலாளி தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "எனத்த ஜெயா இது? சாப்பிட வாற ஆக்கள் இது பாசிக் குளமான்னு கேக்கிறாங்க. ஒனக்கு ஏலாட்டிச் சொல்லு, கொழும்பால வேற ஆளக் கூப்பிடுறேன்."

வேற ஆள். அந்த ஒரு சொல் அவனைச் சுட்டுவிட்டது. எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது.

"தீனிதாங்க முதலாளி. மிச்சத் தீனி அழுகி பொஸ்பேட்டா மாறுதுங்க. நான் அளவாத்தான் போடுறேன். அக்கா ஆசப்பட்டு அள்ளிப் போட்டுடுறாங்க. நான் எப்படிச் சொல்றதுன்னு இருந்தேங்க."

ரபீக்கா கதிரையில்தான் இருந்தார். அவன் அளந்து வைத்த சிட்டிகை அந்த நேரம் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"ரபீக்கா," என்றார் முதலாளி, எல்லாருக்கும் கேட்கும்படி. "இனி இந்தத் தொட்டிப் பக்கம் வராத. எத்தன தரம் சொல்ற, அளவோட செய்யின்னு."

ரபீக்கா கையிலிருந்ததைக் கவனமாகத் தீனி டப்பாவிலேயே திரும்பப் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனார். கதிரையை யாரோ சாப்பாட்டு மேசைக்கு இழுத்துக்கொண்டார்கள். ஜெயகாந்தனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னது அவனுக்குத் தெரியாமலா? பெரிய பொய் இல்லை, கொஞ்சம் தீனி கூடத்தானே விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். அது நிற்கவில்லை.

ரபீக்கா வராமல் போன பிறகும் நீலம் இறங்கவில்லை. இறங்குமா பின்னே!

அடுத்த லீவு நாளில் அவன் தன் லீக்ஸ் பாத்தியில் இருந்தான். பீலிக்கு நேர் மேலே, புல்லுக் காடாகக் கிடந்த சரிவை வெட்டித் திருத்தி அவனே போட்ட தோட்டம். கோழி எருவும் மூட்டை உரமும் தாராளமாக வீசினால்தான் லீக்ஸ் தடிக்கும் என்பது ராகலையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவனும் வீசினான். வீசி முடிக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே ஓடினவன் பீலியடியில் ஒதுங்கி நின்றான். பாத்தியிலிருந்து எருக் கலங்கலாய் இறங்கிய தண்ணீர், பாறை இடுக்குக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. பீலி விழுகிற சிமெந்துத் தொட்டியில் பச்சை மயிராகப் பாசி. முன்பு அங்கே பாசி இருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பீலித் தண்ணீரை அவன் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. பெற்ற தாய் போட்ட சோற்றை யாராவது மோந்து பார்த்துச் சாப்பிடுவார்களா? மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் போய், உப்புக் கலக்காத பீலித் தண்ணீரைக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டை விட்டான். தொட்டித் தண்ணீரைவிட அதுதான் அடர்ந்த நீலமாக ஏறியது. தன் எருவைத் தானே கேனில் பிடித்து, லொறியில் ஏற்றி, கடலுக்குள் ஊற்றியிருக்கிறான். பழி அந்த அக்கா மேல். கழுவித் துடைத்த கடையில், தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதே போய்ச் சொல்லியிருந்தால் மனிதன். சொல்லவில்லை. முதலில் தொட்டியைச் சரி பண்ணுவோம், பிறகு சொல்லுவோம் என்று தள்ளிப்போட்டான். பில்டரைத் தூசி தட்டி, புதுச் சவ்வு மாட்டி, சொட்டுச் சொட்டாக வடித்து, அந்தத் தண்ணீரில் உப்புக் கரைத்து மாற்றினான். இரும்புத் துகளையும் புதிதாகப் போட்டான். திலக்ஷன், "ஏன்டா, பீலி வத்திப்போச்சா?" என்று கேட்டதும் இவன் லொறிக்கு அந்தப் பக்கமாக நடந்தான்.

நீலம் வெளுத்தது. வாரத்துக்கு வாரம் வெளுத்தது. பாசி கழன்று விழுந்தது. அவன் கனவிலும் எதிர்பாராத தண்டனை அங்கேதான் இருந்தது. முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார்: "தங்கச்சிட கை நின்டதும் பாருங்க, எப்பிடித் தெளிஞ்சி வருதுன்னு. ஜெயா சொன்னது சரிதான்." தொட்டி தெளியத் தெளிய அவன் பொய்தான் மெய்யாகிக்கொண்டிருந்தது. பாராட்டி முதுகில் தட்டுகிற ஒவ்வொரு கையும் அவனுக்குக் கன்னத்தில் விழுவது போலிருந்தது. மாடிப்படியில் ஒருமுறை எதிர்ப்பட்ட ரபீக்கா, "மன்னிச்சிருங்க தம்பி, என்னால ஒங்கட வேலைக்கும் கரச்சல்" என்றார். "பரவால்லங்க" என்றான். பரவாயில்லையாம்! மன்னிப்புக் கேட்க வேண்டியவன் மன்னித்துவிட்டு வருகிறான்.

காளான் பவளம் ஒரு நாள் மறுபடி முழுதாக விரிந்தது. முதலாளிக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ரபீக்கா, எறங்கி வா! இப்ப பாரு, ஒன்ட கை படாம எப்பிடி ஈக்குதுன்னு!"

ரபீக்கா இறங்கி வந்தார். தொட்டிக்குக் கிட்ட வரவில்லை, தூரத்தில் மிட்டாய் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். கைகள் இரண்டும் முக்காட்டுக்குள்ளே இருந்தன. ஜெயகாந்தனுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஒரு சிட்டிகை தீனியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினான்.

"போடுங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

அவர் ஓர் அடி பின்வாங்கினார். "வேணாம் தம்பி. என்ட கையால இன்னொண்டும் மவுத்தாக வேணாம்."

அவ்வளவுதான், அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"நீங்க இல்லக்கா," என்றான். "நான்தாங்க. நீங்க போட்டது நான் அளந்து குடுத்ததுதானே. அது ஒண்ணும் செய்யல. நான் பீலித் தண்ணிய ஊத்துனேன். பீலிக்கு மேல என் தோட்டத்துல போட்ட எரு அதுல எறங்கியிருக்கு. பில்டரத் தொடவே இல்ல. மொதலாளிக்கிட்ட மறைச்சிட்டு, பழிய ஒங்க மேல போட்டேன். தண்ணிதான்னு தெரிஞ்ச பொறகும் வாயத் தெறக்கல."

முதலாளியின் முகம் சிவந்தது. "அடப் பாவி! இவ்வளவு நாளும்..." என்று ஆரம்பித்தார். ரபீக்கா கையை நீட்டி அவரை நிறுத்தினார். அவர் அண்ணனைத் தடுத்ததை அந்தக் கடையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப நான் இல்லியா?" என்று ஜெயகாந்தனைக் கேட்டார்.

"இல்லங்கக்கா."

"ஊட்டினதால இல்லியா?"

"சத்தியமா இல்லங்க."

"நாநாவப் பாத்துச் சொல்லுங்க."

முதலாளியைப் பார்த்தும் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, ஏச்சுக்கும் அடிக்கும் காத்துக்கொண்டு நின்றான். இரண்டில் ஒன்று விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ரபீக்கா அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே முகம் தெளிந்துகொண்டு வந்தது, அதுதான் அவனைக் கொன்றது.

"எங்கட வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம் தம்பி," என்றார் மெதுவாக. "இனிப்புக் கேட்டா இல்லன்னு சொல்ல மனசு வராது, குடுப்பேன். நான் ஊட்டி ஊட்டித்தான் மவுத்தாக்கினேன்னு மாமி, அவர்ட உம்மா, மையத்து வீட்டிலயே சொன்னா. இந்த மீனையும் அப்பிடித்தான் செஞ்சிட்டேன்னு நெனச்சிட்டு ஈந்தேன்."

ஜெயகாந்தன் நிமிரவில்லை. கையிலிருந்த தீனி வியர்வையில் ஊறிப் பிசுபிசுத்தது.

ரபீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "மாமிக்கிட்டயும் ஒருக்கா வந்து சொல்லுவீங்களா தம்பி, ஊட்டினதால இல்லன்னு?"

"வந்து சொல்றேங்கக்கா," என்றான். மீன் வளர்க்கிறவன் சொல்லி அந்தக் கிழவி நம்பப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.