மிக்கேல்ராஜின் எஸ்டிமேட் தாள்

பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் எனக்குப் பெயிண்ட் கடை. வீட்டுக்காரர் இறந்த பிறகு பதினோரு வருஷமாக நான்தான் நடத்துகிறேன். கடைக்கு வரும் வேலையாட்களில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது, அது அவர்களுக்கும் தெரியும். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டே, “அம்பதாயிரம் ஆவும்” என்பார்கள். எதற்கு ஐம்பது என்று கேட்டால் அது உடனே நாற்பதாகிவிடும். மிக்கேல்ராஜ் அந்த ரகம் இல்லை.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. ஜிப்சம் போர்டு அடித்த சுவர்களுக்குப் பட்டி பார்ப்பதுதான் தொழில். போர்டு அடிக்கிறவர் அடித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு போர்டு சேரும் இடமெல்லாம் கோடு கோடாக இருக்கும், ஸ்குரூ தலைகள் பல்லைக் காட்டும். அதன்மேல் டேப் ஒட்டி, பட்டி போட்டு, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் போட்டுத் தேய்த்து, எல்லாவற்றையும் ஒரே சுவராக்குகிறவர் இவர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்.

அவர் எஸ்டிமேட் போடும் விதமே வேறு. காலையில் ஒரு வீட்டுக்குப் போனால் பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். எந்த ஜன்னல் வழியாக வெயில் வருகிறது, எந்தச் சுவரின் மேல் சாய்வாக விழுகிறது என்று பார்ப்பார். சாய்ந்த வெயிலில் கடுகளவு மேடும் கண்ணில் குத்தும். அந்தச் சுவருக்கு மூன்று கோட்டு, முழுச் சுவருக்கும் பட்டி, சதுர அடி இருபத்தெட்டு ரூபாய். பீரோவுக்குப் பின்னால் மறையப்போகும் சுவருக்கு டேப்பும் ஒரு கோட்டும் போதும், பத்து ரூபாய்தான். “மறையப்போற செவத்துக்கு அவங்க எதுக்குக்கா காசு தரணும்?” என்பார். மழைக்காலம் என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் கூடுதலாக ஒரு நாள் எழுதுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நானே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் பெயரில் ஒரு வேலைகூட நடந்ததில்லை. யாராவது காண்டிராக்டர் வேலை எடுப்பார், எஸ்டிமேட்டை மட்டும் இவரைப் போடச் சொல்வார்; பிறகு மிக்கேல்ராஜும் அவர் கூட்டாளி வீரையனும் தினக்கூலிக்குப் போவார்கள். வீரையன் அதே ஊர்க்காரன். நாற்று பறித்துக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து, கையில் பட்டித் தகடு கொடுத்துப் பழக்கியவர் மிக்கேல்ராஜ். பதினெட்டு வருஷம் ஒரே வண்டி, ஒரே டிபன் கேரியர். என் கடையில் அவர்கள் இருவரும் ஒரே ஆள் மாதிரிதான். ஒருவர் சாமான் சொல்வார், மற்றவர் வந்து எடுத்துப்போவார். யார் என்று நான் கேட்டதே இல்லை.

போன வருஷம் ஆவணியில் கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர் கடைக்குப் போன் செய்தார். பெயர் சலாஹுதீன். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து மாடி கட்டி, மாடியை நான்கு அறைகளாக போர்டு சுவரால் தடுத்திருக்கிறார். தஞ்சாவூரில் தங்கை தஹ்மீனா வீட்டுச் சுவரைப் பார்த்து, இது யார் கை என்று விசாரித்திருக்கிறார். தங்கை என் கடை நம்பரைக் கொடுத்திருக்கிறாள். “அதே ஆளுதாங்க வேணும். இது சரியா வந்தா, எங்க அண்ணன் தம்பி வீடு ரெண்டு இருக்கு, அதையும் அவருகிட்டயே குடுத்திடலாம்” என்றார்.

மூன்று வீடு என்றால் ஒரு வருஷத்து வேலை, அதுவும் சொந்தப் பெயரில். மிக்கேல்ராஜ் அன்றைக்கு என் கடையில் நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கை கால் ஓடவில்லை. மறுநாளே ரயிலேறி நீடாமங்கலத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய், நாள் முழுக்க அந்த மாடியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். சுவர் சுவராக எழுதினார். மொத்தம் நாற்பத்திரண்டாயிரம், கீழே கையெழுத்து. டேப், பட்டி மூட்டை விலையை நான் சேர்த்து எழுதித் தர வேண்டும் என்று தாளை என்னிடம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கூலியை வேலைக்காரர் எழுதுவார், சாமானைக் கடை எழுதும், பிறகுதான் தாள் வீட்டுக்காரரிடம் போகும்.

“சனிக்கிழம வந்து வாங்கிக்கிறேங்க்கா” என்றார்.

வெள்ளிக்கிழமையே வீரையன் வந்தான். “கூத்தாநல்லூர் தாளு ரெடியாக்கா? நாளைக்கு நான் அந்தப் பக்கம்தான் போறேன், குடுத்துடறேன்” என்றான். எடுத்துக் கொடுத்தேன். டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டேன்.

சனிக்கிழமை வந்த மிக்கேல்ராஜிடம் சொன்னதும், “அப்பாடா, எனக்கு ஒரு நாள் மிச்சம்” என்று சிரித்தார்.

அதோடு சரி, கூத்தாநல்லூரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ‘யோசிச்சுச் சொல்றேன்னாரு’ என்று வீரையன் சொன்னானாம். பிறகு அவனையே காணோம், மாமியார் ஊரில் வேலை என்று கேள்வி. போன் போட்டுக் கேட்கலாமே என்று நான் இரண்டு தடவை சொன்னேன். “கெஞ்சற மாதிரி இருக்கும்க்கா, வேணாம்” என்றார் மிக்கேல்ராஜ். ஆனால் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “கூடப் போட்டுட்டேனாக்கா? அந்த இருபத்தெட்டக் கொஞ்சம் கொறச்சிருக்கலாமோ?” ஒரு நாள் அவர் மனைவி பாத்திமா மேரி கடைக்கு வந்து, வீட்டில் பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு, எங்கே தப்புப் பண்ணினேன் என்று தேடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சலாஹுதீன் மறுபடியும் போன் செய்தார். நான் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை.

“என்னம்மா, உங்கள நம்பித்தானே ஆளக் கேட்டேன்? சாயங்காலம் ஆனா செவத்துல வரப்பு வரப்பாத் தெரியுது. சந்துக்குச் சந்து விரிசல் வுட்டுருக்கு. மிக்கேல்ராஜ் வேலைன்னா இதானா?”

மிக்கேல்ராஜ் அங்கே போகவே இல்லையே என்றேன். “அவரு எஸ்டிமேட் தாளு எங்கிட்ட இருக்கும்மா, கையெழுத்தோட” என்றார்.

விஷயம் கேட்டதும் மிக்கேல்ராஜ் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கூத்தாநல்லூருக்கு ஓடினார். அங்கே சலாஹுதீன் தாளைக் காட்டியிருக்கிறார். நாற்பத்திரண்டை அடித்து முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. மிக்கேல்ராஜுக்குக் காய்ச்சல், அவரே விலையைக் குறைத்து ஆளை அனுப்பியிருக்கிறார், வேலை அவர் மேற்பார்வையில்தான் நடக்கும் என்று சொல்லி, மிக்கேல்ராஜ் நம்பர் என்று தன்னுடைய இன்னொரு நம்பரையும் கொடுத்திருக்கிறான் வீரையன். டேப் ஒட்டாமல் ஒரே கோட்டு போட்டு, அது காய்வதற்குள் பெயிண்டும் அடித்து, ஐந்தே நாளில் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். வேலையை மட்டும் திருடியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அந்த மனுஷன் பெயரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரில் பூசிவிட்டு வந்திருக்கிறானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சலாஹுதீன் கெட்டவர் இல்லை. நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டார், டீ கொடுத்தார். ஆனால் மற்ற இரண்டு வீடுகளையும் முந்தின வாரமே திருவாரூர் ஆளிடம் கொடுத்துவிட்டாராம். தெருவில் நாலு பேரிடம் மிக்கேல்ராஜ் பெயரைச் சொல்லித் திட்டியும் ஆயிற்று. போய் ஒவ்வொருவரிடமும் மாற்றிச் சொல்ல முடியுமா?

இப்போது வீரையன் பட்டுக்கோட்டைப் பக்கம் வேலை எடுத்துச் செய்கிறான் என்கிறார்கள். என் கடைப் பக்கம் வருவதில்லை. வந்தால் பட்டி மூட்டையைத் தூக்கித் தலையில் போடுவேன்.

கூத்தாநல்லூர் போய்வந்து இரண்டு நாள் கழித்து மிக்கேல்ராஜ் கடைக்கு வந்தார். தஞ்சாவூரில் ஒரு காண்டிராக்டரிடம் பழையபடி தினக்கூலி. உப்புத்தாள் பத்து ஷீட் கேட்டார். எண்ணி எடுத்து வைத்தேன். பதினோரு வருஷத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காத வாய் இது.

“தம்பி, என்னத் திட்டிடுங்க. ஒரு வார்த்த உங்ககிட்ட கேக்காம, அவன் கையில தாளத் தூக்கிக் குடுத்தவ நான்தான். ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.”

அவர் ஷீட்டுகளைப் பைக்குள் வைத்தார்.

“உங்கள எதுக்குக்கா திட்டணும்?” என்றார். “அன்னிக்கு நான் கடையில நின்னிருந்தா நானேதான் அவன் கையில குடுத்திருப்பேன். போய்ட்டு வர பஸ்ஸுக்குக் காசும் குடுத்திருப்பேன்.”