சும்மா வந்த பதினோரு பலகைகள்

முதலில் வந்தது நாற்றம்தான், பலகைகள் அதற்குப் பின்னால்தான் வந்தன. மினி லாரி தெருமுனையில் திரும்பும்போதே, கருவாட்டையும் பழைய எண்ணெயையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சிய மாதிரி ஒரு வாடை எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. அடுப்படியில் இருந்த அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "எந்தப் பாவிப்பய இங்கன எழவக் கொண்டாந்து எறக்குறான்?" என்று கத்தினாள். இறக்கிக்கொண்டிருந்தது என் அய்யாதான், அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர். மிளகாயும் நெல்லும் விளையும், மழை பெய்தால். கடல் எங்களுக்குப் பஸ்ஸில் போய்ப் பார்க்கிற பொருள். ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் போய் முழுக்குப் போட்டுவிட்டு வருவதோடு சரி. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு படகின் மேல்தளத்துப் பலகைகள், ஆள் நீளத்துக்கும் மேலே, கறுப்பாக, ஆணித்துளைகளோடு பதினோரு உருப்படி வந்து கிடந்ததற்குக் காரணம் என் அம்மாவின் முதுகு.

நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த வருஷம் அது. பங்குனி மாதம், ஊருணிப் படியில் நிறைகுடத்தோடு வழுக்கி விழுந்த அம்மா, இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: கயிற்றுக் கட்டில் ஆகாது, வெறுந்தரையும் ஆகாது, ஆறு மாதத்துக்கு நல்ல கனமான பலகையில்தான் மல்லாந்து படுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு கூனிப்போய்விடும், அப்புறம் யாராலும் நிமிர்த்த முடியாது. எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேலம்தான்; அதில் கரி சுடலாம், பலகைக்கு எங்கே போவது? பக்கத்துக் கட்டிலில் தன் மனைவியைப் படுக்கவைத்திருந்த தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் சவரிமுத்து, கடல் தொழில். "எங்க பழைய படகப் பிரிக்கப்போறோம்ணே. மேல்பலகைய எடுத்துட்டுப் போங்க. தங்கச்சி முதுகு நேரானாச் சரி" என்றார். ஒரு பைசா வாங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வினையே அங்கேதான் தொடங்கியது. எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலைத் தோய்த்துச் சுவரில் கோடு இழுத்து, அது வடிகிறதா நிற்கிறதா என்று பார்க்காமல் அத்தை அடுப்பில் ஏற்றமாட்டாள். அய்யா விதை மிளகாய் வாங்கும்போது "முளைக்குமா?" என்று மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தால், "பாடம் பண்ணி வச்சிருக்கான்யா" என்று எழுந்து வந்துவிடுவார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஊர் சொல்லும். "தானமா வந்த மாட்டத்தான்டி பாக்கணும். காசுக்கு வித்தவன் நாளைக்கும் சந்தையில நிப்பான், சும்மா குடுத்தவன எங்கன போயித் தேடுவ?" என்று அத்தை சொல்வாள். இந்த ரத்தம்தான் எனக்கும் ஓடுகிறது, மறைப்பானேன்.

சவரிமுத்து கொடுத்தனுப்பிய யோசனை ஒன்றே ஒன்று. நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை கழுவினால் உப்பு போய்விடும், ஆனால் "அந்தக் கறுப்ப மட்டும் சுரண்டிராதீகண்ணே, அது அழுக்கில்ல, எண்ணெ." இதை அய்யா வீட்டில் வந்து சொன்னதுதான் தாமதம், அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "சுரண்டாதன்னு சொல்றான்னா, சுரண்டுனா என்னமோ தெரியப்போகுதுன்னுதானலே அர்த்தம்?" அந்தச் சொல் அய்யா மனதில் நெருஞ்சி முள்ளாகத் தைத்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

ஆனாலும் முதல் வாரம் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. துருப்பிடித்த ஆணிகளை அய்யா கடப்பாரை முனையால் நெம்பி நெம்பி எடுத்தார். வராததைச் சுற்றி விளக்கெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்துப் பிடுங்கினார். பலகைகளைக் கல்லின் மேல் அடுக்கி, தேங்காய் நாரில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு நானும் அத்தையும் தேய்த்தோம். ஊருணியிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் வந்தது. கோடையில் குடிதண்ணீரைக் கட்டைக்கு ஊற்றுகிறார்களே என்று தெருவே வயிறெரிந்தது. உப்பு போய்விட்டதா என்று பார்க்கிற வேலை என்னுடையது. ஈரப் பலகையில் விரலைத் தடவி நக்கிப் பார்ப்பேன். ஐந்தாவது கழுவலில் உப்பு கரிக்கவில்லை. நிழலில் காய்ந்ததும் பலகைகள் கருங்கல் மாதிரி மினுமினுத்தன, நாற்றமும் பாதி அடங்கிவிட்டது. அதோடு விட்டிருந்தால் அன்றைக்கே அம்மா அதில் படுத்திருப்பாள்.

விடவில்லை. ஒரு மத்தியானம், ஒருத்தரும் சொல்லாமலே, உடைந்த பாட்டில் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஒரு பலகையின் நடுவில் நான் சுரண்டினேன். கறுப்பு சுருள் சுருளாக வந்தது. உள்ளே மரம் செம்பழுப்பாக இருந்தது. கையகலம் சுரண்டியதும், வரிசை வரிசையாகக் கத்தி பட்ட தழும்புகள், ஒன்றா இரண்டா, அம்மியைக் கொத்தியது போல. ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் கையால் தேய்த்தேன். தண்ணீர் சிவப்பாக வழிந்தது.

"அத்தே! ரத்தம்!"

என் குரலில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். பெரியவர்கள் ஒருத்தருக்கும் அகப்படாததை நான் கண்டுபிடித்துவிட்டேனே! அத்தை வந்து பார்த்தாள், தலையிலடித்துக்கொண்டாள். "படகுக்குள்ள வெட்டுக்குத்து நடந்திருக்குலே தம்பி! அதான் சும்மா தள்ளிவிட்டுட்டான்." அய்யா மிச்சப் பலகைகளையும் சுரண்டச் சொன்னார். இரண்டு நாள் மூன்று பேருமாகச் சுரண்டினோம். எதில் தண்ணீர் விட்டாலும் சிவந்தது. ஒரு கொலை என்று தொடங்கிய அத்தையின் கணக்கு மூன்று கொலையில் போய் நின்றது.

ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்று யாரோ சொன்னார்கள். "அவன் ஆகாத மரம்னு சொல்லிட்டு, விறகு வெலைக்கு அவனே எடுத்துட்டுப் போயிருவான்" என்று அய்யா மறுத்துவிட்டார். சவரிமுத்துவையே கேட்டுவிட்டால் என்ன? "கேட்டா ஆமான்னு சொல்லிருவானாக்கும்?" என்றாள் அத்தை. அதுவும் போயிற்று. எந்தக் கதவைத் தட்டினாலும் அதற்குப் பின்னால் ஒரு திருடன் நிற்பதாகவே எங்களுக்குப் பட்டது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்து, சிவந்த ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்தாள். "மரவாடதான் அடிக்குது மதினி. கழுவிப் போடுங்க, நான் படுத்துக்கிறேன். என்னைய எந்தப் பேயும் ஒண்ணும் செய்யாது" என்றாள். அத்தை வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "நீ இதுல படுத்தா நான் ஒங்கிட்டப் படுக்கவே மாட்டேன். அத்தைகிட்டப் போயிருவேன். எப்பவுமே வரமாட்டேன்" என்று காலை உதைத்து அழுதேன். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அய்யாவிடம், "சரி, அதைக் கொண்டுபோயி மாட்டுக் கொட்டகைக்கு வெளிய சாத்திருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தரை கசிந்தது. இரண்டு கோரைப்பாய், மேலே ஒரு பழஞ்சேலை, அதில் அம்மா. அவள் வயிற்றில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நான். எனக்கென்ன, சுகமாகத் தூங்கினேன். காலையில் அவள் எழுந்திருக்க முதலில் புரள வேண்டும், பிறகு முழங்கையை ஊன்ற வேண்டும், பிறகு சுவர். கார்த்திகையில் அவள் கொடியில் துணி போடுவதற்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். கை எட்டவில்லை என்றாள். கொடி அதே உயரத்தில்தான் இருந்தது.

தை பிறந்து ஒரு வாரத்தில் சவரிமுத்து வந்தார், பனையோலைப் பெட்டியில் கருவாடு எடுத்துக்கொண்டு. "தங்கச்சி எப்படியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவர் கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டார். எட்டு மாத வெயிலும் மழையும் குடித்து, பலகைகள் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தன. கிட்டே போய்த் தடவினார். "எண்ணெய எடுத்துட்டீகளே" என்றார். அய்யா வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார், சிவப்பை, தழும்பை, எல்லாவற்றையும்.

சவரிமுத்து சிரிக்கவில்லை. தொட்டித் தண்ணீரில் கையை நனைத்துப் பலகையில் தேய்த்துக் காட்டினார். "இது வேங்கை மரம்ணே. தண்ணி பட்டாச் சாயம் விடும். எண்ணெ இருந்த வரைக்கும் உள்ளேயே அடங்கிக் கெடந்துச்சு. இந்த வெட்டெல்லாம் தூண்டிக்கு இரையா மீன் நறுக்குனது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அப்போதுதான் அம்மா வாசற்படியில் வந்து நின்றாள், கதவு நிலையைப் பிடித்தபடி, முக்கால்வாசி நிமிர்ந்து. அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வெறுந்தரையிலயா போட்டிருந்தீக?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

சவரிமுத்து ஊருக்குப் போய் மீன் எண்ணெயும் குங்கிலியப் பிசினும் எடுத்துக்கொண்டு மறுநாளே திரும்பி வந்தார். வெடித்த பலகைகளில் நாலைத் தள்ளிவிட்டு, மிச்ச ஏழையும் இழைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி வெடிப்புகளில் அடைத்து, மூன்று தடவை எண்ணெய் ஏற்றினார். அய்யா அவர் முகத்தைப் பார்க்காமலே கூட நின்று வேலை செய்தார். கட்டில் ஆயிற்று. அம்மா அதில் படுத்து, "சொகமா இருக்குண்ணே" என்றாள். ஆனால் டாக்டர் சொன்ன ஆறு மாதம் எப்போதோ போய்விட்டிருந்தது. சவரிமுத்து பஸ் ஏறிய பிறகு அத்தை மெல்லக் கேட்டாள்: "நாலஞ்சு நாளு தொழில விட்டுட்டு வந்து இம்புட்டும் எதுக்குச் செய்யுறான்?" முதல்தடவையாக அய்யா அவளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

இன்று அத்தை இல்லை, அய்யா இல்லை, சவரிமுத்துவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பாம்பன் பாலத்தில் போகும்போது கீழே பார்க்கிறேன். வெள்ளையும் நீலமுமாக ஃபைபர் படகுகள்தான் கண்ணில் நிறையப் படுகின்றன. என்னைவிட ஒரு சாண் உயரமாக இருந்த என் அம்மா இப்போது என் தோளுக்குக் கீழே நடக்கிறாள், தரையைப் பார்த்தபடி. வீட்டுக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க அவள் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருக்கிறது.

போன மாதம் மூச்சுத் திணறல் என்று இராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். என் மகன் வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய முறிவால் முதுகு வளைந்து நெஞ்சை நெருக்குகிறது, அதனால்தான் மூச்சு என்றான். "சின்ன வயசுல விழுந்தப்பவே பலகையில படுக்கச் சொல்லியிருப்பாங்களே பாட்டி, படுக்கலையா?"

நான் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா கழுத்தைத் திருப்பி, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பலகை கெடைக்கலப்பா" என்றாள்.