ஜெயபாலன் உரசிப் பார்த்த டோக்கன்

ஜெயபாலன் போய்விட்டார் என்று எங்கள் நாணயச் சேகரிப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் சேவூர் பஸ்ஸில் இருந்தேன். எல்லோரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை. அவரோடு பழகிய உங்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது சில்லறைக் காசு கிடைக்காமல், கடைக்காரர்கள் தங்கள் பெயர் பொறித்த பித்தளை டோக்கன்களைக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஆரணியில் எண்ணெய்க்கடை வைத்திருந்த என் தாத்தாவும் கொடுத்தார். கடை போய்விட்டது. அவருக்கு ஒரு போட்டோகூட இல்லை. என்னிடம் இருந்த ஒரே டோக்கனில்தான் அவர் பெயர் மிஞ்சியிருந்தது.

அதை ஜெயபாலனிடம் காட்டியது என் கெட்ட நேரம். ஜரிகை வியாபாரி அவர். எந்த உலோகம் கைக்கு வந்தாலும் உரைகல்லில் இழுத்துப் பார்ப்பார். "எழுத்த யார் வேணா அடிப்பாங்க. ஒரசினாத்தான் நெஜம் தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. பேச்சுவாக்கில் டோக்கனின் பெயர்ப் பக்கத்தைக் கல்லில் அழுத்தி நாலு இழுப்பு இழுத்தார். கடைசி எழுத்து மட்டும் தப்பியது.

"பித்தளதாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நான் டோக்கனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னாங்க இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

"பழக்க தோஷங்க. அதுக்குன்னு மூஞ்சத் தூக்கிகினு போவாதீங்க."

மடையன் நான், நம்பினேன். ஆத்திரம் ஆறாவிட்டாலும், அதன் பிறகும் அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போனேன். எல்லோருடைய பெட்டியையும் திறக்கச் சொல்வார். தன் பெட்டியைக் கேட்டால், "சாவிய எங்கியோ வச்சிட்டுத் தேடிகினு இருக்கேங்க" என்பார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி என்னை வரச்சொன்னார். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து நீட்டினார். தாத்தாவின் கடை டோக்கன். பெயர் முழுதாக இருந்தது.

"இது ரொம்ப நாளா அவருகிட்ட இருக்குதுங்க. உங்களுத ஒரசினப்புறம், ஊர்லயே இது ஒண்ணுதான்னு சொல்லிகினு இருந்தாரு. எனக்கு மனசு கேக்கல. எடுத்துகினு போங்க."

செத்தவரைத் திட்டக்கூடாதாம். பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே நடந்தேன்.

போன வாரம் என் சித்தப்பா மகன் வந்தான். அவனுக்கும் அவர்தான் தாத்தா.

"அண்ணா, தாத்தா டோக்கன் நல்லது ஒண்ணு கெடச்சிதாமே? காட்டுண்ணா. பேர மட்டும் பாத்துட்டுத் தந்துர்றேன்."

டோக்கன் என் சட்டைப் பையில் இருந்தது.

"அப்பிடி எதுவும் இல்லியேடா" என்றேன்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனான். ஜெயபாலன் என்னிடம் விட்டுப்போனது அந்தப் பதில்தான்.