நூற்று நாற்பத்தோராவது புத்தகம்

ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். இறந்தவர்களை அது காப்பதில்லை. அதனால் என் அம்மாவின் பெயரை இங்கே எழுதலாம்: ஸ்தோய்கா கபாக்சீவா. யாம்போல் என்ற சிறு நகரில் சாக்ஸ் ஆலையின் பணியாளர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தாள். இதில் வரும் மற்ற எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் எழுதியிருந்தால் அவள் என்னோடு பேசமாட்டாள்.

நான் தலைநகர் சோஃபியாவில் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களைப் பராமரிக்கிறேன். அம்மா அதையே இரும்பு அலமாரியில் செய்தாள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் கையகலத்தில் ஒரு வேலைப் புத்தகம். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, பிறகு எந்த ஆலை, எந்த வேலை, எத்தனை வருடம், ஒவ்வொரு வரிக்கும் ஒரு வட்ட முத்திரை. ஓய்வூதியம் அதை வைத்துத்தான். அலமாரியின் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டிருந்தாள்.

2018இல் அந்தச் சட்டம் வந்தது. இரண்டு வாரம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டு முழுவதையும் படித்தாள். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, உடை மாற்றும் அறைச் சுவரிலிருந்த பிறந்தநாள் பட்டியலைக் கிழித்தாள். அதில் தேதியோடு வருடமும் இருந்தது.

எங்கள் பக்கம் பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் மற்றவர்களுக்கு இனிப்பு தரவேண்டும். பட்டியல் போனதோடு சாக்லேட் பெட்டியும் போயிற்று. தையல் பிரிவிலிருந்து ஆறு பேர் படியேறி வந்தார்கள்.

"ஸ்தோய்கா அக்கா, இது அநியாயம். மார்ச் மாசத்துல மட்டும் ஒன்பது பேரு. ஒன்பது பெட்டி."

"அது தனிப்பட்ட தகவல்."

"சாக்லேட்டா?"

"பிறந்த தேதி. குடுக்கணும்னு நெனைக்கிறவங்க பெட்டியோட வரட்டும். யாரு தடுத்தா?"

"பாய்லர் ரூம் தொதோர் ஜென்மத்துக்கும் வரமாட்டான்."

"அப்ப அவன் வயசு அவனோடவே இருக்கட்டும்."

ஆலையில் ஒருத்திக்கு மட்டும் அன்றைக்குப் பெரிய நிம்மதி. அது எனக்கு ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

உயில் எழுதும்போதும் இப்படித்தான். நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன்.

"முழுக்கக் கையால எழுதணும். தேதி போடணும், கையெழுத்துப் போடணும். இல்லன்னா வெறும் கடுதாசி. உன் கம்ப்யூட்டருக்குக் கை இருக்கா?"

ஒரு பக்கம்தான். வீடு எனக்கு. தொட்டியில் இருக்கும் எலுமிச்சைச் செடி மாடி வீட்டுக்காரிக்கு. காரணமும் எழுதியிருந்தாள்: என் மகள் ஒரே வாரத்தில் அதைக் கொன்றுவிடுவாள்.

2025 ஜூனில் காகித வேலைப் புத்தகங்களின் காலம் முடிந்தது. இனி எல்லாம் அரசின் மின்பதிவேட்டில். பழைய புத்தகங்களை வருடங்கள் கூட்டி, முத்திரை வைத்து, முடித்து, உரியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆலையில் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆள் இல்லை. ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆன அம்மாவைக் கூப்பிட்டார்கள். மொத்தம் நூற்று நாற்பத்தொன்று.

அந்தக் கோடையில் அவள் குரல் இளமையாகிவிட்டது. தினமும் மாலை ஃபோன் செய்தாள்.

"இன்னிக்குப் பதினேழு. ஒருத்தன் புத்தகத்த வாங்கி முத்தம் குடுத்தான். உன் டேட்டாபேஸுக்கு யாராவது முத்தம் குடுத்திருக்காங்களா?"

"இல்லம்மா. திட்டத்தான் செய்வாங்க."

"பாத்தியா."

அக்டோபரில் இதயம். ஆஸ்பத்திரியில் மூன்று கட்டில் உள்ள அறை. நான் போய்ச் சேர்ந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

"நூத்தி நாப்பது ஆச்சு. ஒண்ணு பாக்கி. வீட்ல, பாத்திர அலமாரியோட கீழ் டிராயர்ல, கவர்ல இருக்கு."

"வீட்லயா? ஆபீஸ் புத்தகத்தையா? நீயா?"

"ஆபீஸ்ல புதுசா வந்தவளுக்கு வாய் சும்மா இருக்காது. அதான் நானே கொண்டுபோய்க் குடுக்கலாம்னு எடுத்து வச்சேன். கேளு. மூடிப்போன நெசவாலையில பாத்த பதினோரு வருஷம் அதுல இருக்கு. அந்த ஆலையும் இல்ல, அதோட காகிதமும் இல்ல. புத்தகம் போச்சுன்னா பதினோரு வருஷமும் போச்சு. வசந்தத்துல பென்ஷனுக்கு எழுதிப் போடணும் அவ."

"யாரும்மா அவங்க?"

அம்மா மற்ற இரண்டு கட்டில்களையும் பார்த்தாள். அங்கே இருவரும் தயிரில் விட்ட கரண்டியை அப்படியே பிடித்திருந்தார்கள்.

"நாளைக்குச் சொல்றேன். பத்து மணிக்கு ரெண்டு பேரையும் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலம்மா," என்றாள் ஜன்னலோரத்துக்காரி.

"அதுக்குத்தான் தலையணைய இந்தப் பக்கம் மாத்திப் போட்டீங்களாக்கும்?"

மறுநாள் பத்து மணிக்கு இருவரையும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவின் கட்டில் எட்டு மணிக்கே காலியாகியிருந்தது.

கவர் அவள் சொன்ன இடத்தில் இருந்தது. தடித்த பழுப்புக் காகிதம். கூடவே ஒரு ரசீது: வரிசை எண் 141, பெற்றுக்கொண்டேன், பெயருக்கும் கையெழுத்துக்கும் காலி இடம். கவரின் மேல் பென்சிலில் ஒரு வரி: 'பெயர் கேட்காதே. இனிப்பு எப்போது என்று கேள்.'

கத்தியை எடுத்தேன். திறக்க ஒரு நொடி போதும். ஒட்டிய இடத்தின் குறுக்கே அவள் கையெழுத்து இருந்தது. நான் இதுவரை கணினியில் போட்ட எந்தப் பூட்டும் அவ்வளவு கெட்டியில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். எங்கள் வழக்கப்படி நினைவுச் சடங்கு நடக்கும் நாற்பதாம் நாள் வரை பார்ப்பது, யாரும் வராவிட்டால் திறப்பது என்று முடிவு செய்தேன்.

ஆலைக்குப் போனேன். கொடுத்த நூற்று நாற்பது பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டால் மிஞ்சுவது யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். புதிதாக வந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"பதிவேடு டைரக்டரோட பெட்டகத்துல. வெளியாளுக்குக் காட்டக் கூடாது."

"யாரு போட்ட ரூல் இது?"

அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள், அம்மாவின் கையெழுத்தோடு, பதினான்கு விதிகள். இது ஒன்பதாவது.

"யாரோடதுன்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான்," என்றாள். அவள் கண் மின்னியதைப் பார்த்ததும், டைரக்டரிடம் கேட்டுச் சொல் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கவரைக் கேட்டு யாரும் வரவில்லை. முப்பத்திரண்டாம் நாள், நாற்பதாம் நாள் இரங்கல் நோட்டீஸ் அடிக்கக் குன்சோவின் அச்சகத்துக்குப் போனேன். படம், பெயர், வருடங்கள், நான்கு வரி துக்கம். வீட்டுக் கதவு, பேருந்து நிறுத்தம், ஆலை வாசல் எல்லாவற்றிலும் ஒட்டுவோம். ஊரே நின்று படிக்கும்.

"பிறந்த வருஷம் போடவா?" என்றார் குன்சோ. "உங்க அம்மா கோவிச்சுக்குமே."

"போடுங்க. அவளுக்கு இனி அந்தச் சட்டம் கிடையாது. கீழ ஒரு வரி சேருங்க. 'ஸ்தோய்காவுக்கு இனிப்பு தருவதாகச் சொன்னவர் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வரவும்.'"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தெட்டு வருஷமா இத அடிக்கிறேன் பாப்பா. செத்தவங்க யாரும் இனிப்பு கேட்டதில்ல."

"அம்மா கேப்பா."

கொஞ்சம் யோசித்தார். "கேக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அச்சடித்தார்.

நாற்பதாம் நாளான சனிக்கிழமை காலை கல்லறைக்குப் போய்விட்டு வந்தேன். சடங்குக்கான வேகவைத்த கோதுமை, ரொட்டி, ஒயின் எல்லாம் மேசையில் இருந்தன. ஒன்பதரைக்கு முதல் மணி அடித்தது. பாய்லர் ரூம் தொதோர், கையில் சாக்லேட் பெட்டியோடு.

"இனிப்பு எப்போ?" என்று கேட்டேன்.

"இதோ. அறுபதானப்ப குடுக்காம ஏமாத்திட்டேன். நோட்டீஸப் பாத்ததும் தூக்கம் வரல. இப்படிப் பேரு சொல்லாமச் சொன்னா எப்படிம்மா? ஊருக்கே தெரிஞ்சுபோச்சு என்னத்தான்னு."

பிறகு தையல் பிரிவு. பிறகு சாயப் பிரிவு. எல்லோரும் தன்னைத்தான் என்று நினைத்திருந்தார்கள். யாரிடம் கேட்டாலும், "இதோ," என்று ஒரு பெட்டியை நீட்டினார்கள். பதினொன்றரைக்குள் ஒன்பது பெட்டி. கவர் என் ஏப்ரன் பையிலேயே இருந்தது. சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காப்பி ஊற்றினேன். இவ்வளவு பேரில் அவள் இல்லையென்றால் அன்று மாலை கத்திதான்.

கடைசியாக வந்தது கெர்கினா. ஆலை வேன் ஓட்டும் அவள் கணவர் ஜெலியாஸ்கோவும் கூடவே. இருவர் கையிலும் ஒன்றும் இல்லை. அவர் நேராக மேசைக்குப் போய் எந்தச் சாக்லேட்டில் கொட்டை இருக்கிறது என்று ஆராய்ந்தார்.

"இனிப்பு எப்போ?" என்றேன் அவளிடம்.

கெர்கினாவின் முகம் சிவந்தது. கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"வசந்தத்துல," என்றாள் மெல்லிய குரலில். "புத்தகம் கைக்கு வந்து, பென்ஷனும் வந்ததும் தர்றேன்னு சொல்லியிருந்தேன். வரணும்னு தினமும் நெனச்சேன். வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் அவரு கூடவே இருப்பாரு. நீயும் துக்கத்துல இருந்த. எப்படிக் கேப்பேன்?"

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். கவரை நீட்டினேன். அம்மாவின் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். உள்ளே பக்கம் புரட்டி, நெசவாலையின் முத்திரைகளை விரலால் எண்ணினாள். உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு தான்தான் மூத்தவர்னு நெனச்சிட்டிருக்காரு. இருபது வருஷமா. எப்ப அவரு கண்ணுல படுமோன்னு இருந்த அந்தப் பட்டியல உங்க அம்மா கிழிச்ச அன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"பென்ஷன் வந்தா என்ன சொல்வீங்க?"

"வேல பாத்த அழகுக்குச் சீக்கிரமே குடுத்துட்டாங்கன்னு சொல்வேன்."

நான் சிரித்தேன். நாற்பது நாளில் முதல் தடவை சத்தமாக. பிறகு அழுதேன், அவளும்தான். ரசீதில் கையெழுத்துப் போட்டாள். கதவு திறந்தது. ஜெலியாஸ்கோ, வாய் நிறையச் சாக்லேட்.

"என்ன அழுகை? அது என்ன கவரு?"

கெர்கினா அதைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தனிப்பட்ட தகவல்," என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படியே உங்க அம்மா," என்று சொல்லிவிட்டு மறுபடி மேசைக்குப் போனார்.

திங்கட்கிழமை ரசீதை மடித்து ஒட்டி டைரக்டர் கையில் கொடுத்தேன். ஒன்பது பெட்டியில் மிஞ்சிய ஆறரையையும் தையல் பிரிவில் வைத்தேன். அலுவலகப் பெண் மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"யாரு? யாரு அது?"

"கொட்டை போட்டது நல்லாயிருக்கும். எடுத்துக்கோங்க," என்றேன்.

ஏப்ரல் கடைசியில் சோஃபியாவில் என் அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. யாம்போல் அஞ்சல் முத்திரை. உள்ளே பெரிய சாக்லேட் பெட்டி, இரண்டு அடுக்கு. அனுப்பியவர் பெயர் இல்லை.