முன்னால் அம்பாசடர், பின்னால் லேண்ட்மாஸ்டர்

அரிசி கிடைக்காமல் ஊரே மக்காச்சோளக் கஞ்சி குடித்த காலம். இந்தி வேண்டாம் என்று பிள்ளைகள் ஊர்வலம் போய், காலேஜை எல்லாம் மூடி வைத்தார்களே... அதற்கு அடுத்த கோடை. எனக்குத் தேதி சொல்லத் தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்த போன்தான் எழுதிக்கொள்கிறது.

ஆனால் அன்றைக்கு வண்டிக்குள் அடித்த வாசம் அப்படியே இருக்கிறது. வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட், பெட்ரோல், காதர் பாய் தடவும் அத்தர்...

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாய் டாக்ஸி வைத்திருந்தார். கறுப்பு லேண்ட்மாஸ்டர். நான் நாமக்கல் பக்கமிருந்து போய் அவரிடம் மாற்று டிரைவராக இருந்தேன்.

அம்பாசடர் வந்ததும் எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் பழைய வண்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போது டாக்ஸிக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். அடிபட்டு உடைக்க வந்த அம்பாசடரிலிருந்து பானெட்டையும் கிரில்லையும் கழற்றி, லேண்ட்மாஸ்டருக்கு மாட்டுவார்கள். இரண்டுக்கும் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். டிங்கர் நாலு தட்டு தட்டினால் உட்கார்ந்துவிடும்.

பின்பக்கத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அம்பாசடருக்குப் பின்னால் இரண்டு ஓரமும் சின்ன வால் போலத் தூக்கி நிற்கும். லேண்ட்மாஸ்டருக்கு உருண்டையாக வழிந்து இறங்கும்.

"பாய், பின்னாடி பாத்தா தெரிஞ்சிருமுங்களே?" என்றேன்.

"பின்னாடி தெரியறப்ப வண்டி போயிட்டிருக்கும்டா ராசு. அப்புறம் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

அந்தப் புது மூஞ்சியோடுதான் சினிமாவுக்குப் போனோம். சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவார ரோட்டில் ஷூட்டிங். டிரைவராக நடிக்க வந்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. கிளட்சை விட்டார்... வண்டி குதித்து நின்றது. கடைசியில் பாய் தலையிலேயே தொப்பியைக் கவிழ்த்து, ஓட்டச் சொல்லிவிட்டார்கள்.

"கேமராவப் பாக்காதீங்க பாய்!" என்று ஒருவர் கத்தினார்.

"பெட்டிய ரோட்டு மேல வெச்சுட்டு பாக்காதேன்னா? ஏத்திட்டா யாரு பொறுப்பு?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பாய் கேமராவைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினார்.

படத்துக்கு என்ன பெயர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் காய்ச்சலில் பாய் போய்ச் சேர்ந்தார். மகள் மும்தாஜ் அப்போது தவழும் குழந்தை. வீட்டில் அவருக்கு ஒரு போட்டோ கிடையாது. லைசன்ஸில் ஒட்டியிருந்த ஒன்றையும் கரையான் அரித்துவிட்டது.

மும்தாஜுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். "ராசு மாமா, அத்தா எப்படி இருப்பாரு?"

நானும் வாயால் எத்தனை தரம்தான் படம் வரைவது? "அந்தப் படம் கெடைச்சா பாத்துக்கலாஞ் சாமி. கறுப்பு லேண்ட்மாஸ்டர் வருதான்னு பாரு" என்பேன்.

போனில் படம் பார்க்கும் காலம் வந்ததும் தேட ஆரம்பித்தாள். லேண்ட்மாஸ்டர் எங்கே வந்தாலும் எனக்கு அனுப்புவாள். நானும் பார்த்துப் பார்த்து, "இது நம்முளது இல்ல... இதுவும் இல்ல" என்பேன். பானெட் மாற்றியதை அவளிடம் சொல்லவே இல்லை. மறக்கவில்லை... சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. புதுச் சட்டை போட்டால் ஆள் வேறு ஆகிவிடுவானா? எங்களுக்கு அது எப்போதும் லேண்ட்மாஸ்டர்தான்.

பழைய படத்தில் வரும் கார் எந்த மாடல் என்று பேசிக்கொள்ளும் குரூப் ஒன்றில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் திருச்செங்கோட்டுத் தம்பி ஒருவர் அதில் பேசி அனுப்பியிருந்தார்.

"ஏனுங்க, இந்தப் படத்துல கூத்தப் பாருங்க! முன்னாடி வாரப்ப அம்பாசடருங்க, திரும்பிப் போறப்ப லேண்ட்மாஸ்டருங்க. நடுவழீல வண்டிய மாத்திப்போட்டாங்களாட்டம் இருக்குது!"

எல்லாரும் சிரிப்புப் படம் போட்டார்கள். எனக்குத்தான் பொறி தட்டியது... அம்பாசடர் மூஞ்சியைப் பார்த்து மும்தாஜ் இதைத் தள்ளிவிட்டிருப்பாள்.

"தம்பி, அது ரெண்டு வண்டி இல்லீங்க. ஒரே வண்டி. அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க சாமி" என்றேன். அந்தத் தம்பி அந்த இடத்தை மட்டும் வெட்டி உடனே அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே சேலத்துக்கு பஸ் ஏறினேன். மும்தாஜ் போனை மேசைமேல் சாய்த்து வைத்தாள். வண்டி வளைவில் வந்தது. டிரைவர் நேராக எங்களைப் பார்த்தார். "நிறுத்து சாமி... அதான் உங்க அத்தா" என்றேன்.

அவள் விரல் வைத்து நிறுத்தினாள். சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத அவள் அம்மா ஜைத்தூன் அக்காதான் போனைக் கையில் வாங்கி, கண்ணருகில் வைத்துக்கொண்டார்.

"காலர் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாரு... நான் தெச்ச சட்டை. பிரிச்சுத் தெச்சுத் தாரேன், கழட்டுங்கன்னேன். கேட்டாத்தானே மனுசன்!"

திட்டிக்கொண்டே சிரித்தார். அப்புறம், "அடியே, இதைப் பெரிய டிவில போடு. கொள்ளுப்பேரனுங்களையும் கூப்புடு" என்றார்.

அன்றைக்குக் கொட்டகையில் ஓடிய படம் ஓடியதுதான்... கண் சிமிட்டினால் ஆள் போய்விடுவார். இன்று ஒரு விரல் வைத்தால் அறுபது வருஷம் நின்று கொடுக்கிறது. அந்த முகத்தை மும்தாஜ் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள்.

அந்தக் கறுப்பு வண்டியில் பாய் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்களில், என்னை விட்டால் இன்று இருப்பது ஒரே ஒருவர்தான்.

ஜைத்தூன் அக்கா.