லேபர் ஐயா வந்த நாள்

லேபர் ஆபீஸ் ஐயா எப்போது வருவார் என்று அம்மாவுக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் எந்த வாகனம் நின்றாலும் கையில் தட்டோடு ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள். அந்தப் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளி விடுமுறை வேறு. கடையையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

வட்டவளைக்கு மேலே, பெரிய வீதியில், வெளிநாட்டுக்காரர்கள் இறங்கித் தேநீர் குடிக்கும் கடை அது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு அம்மா அங்கே பரிமாறப் போயிருந்தாள். கடைக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஓர் அறையில்தான் நாங்கள் இருவரும் இருந்தோம். சம்பளம்? "வாறவங்க டிப்ஸ் குடுப்பாங்கல்ல, அதுதான் ஒன் சம்பளம்" என்றுவிட்டார் முதலாளி. மழைக்காலத்தில் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்? ஈ காக்காய் கிடையாது. கடைசியில் அம்மா, பக்கத்துக் கடை அக்காவின் போனில் ஹட்டனில் உள்ள லேபர் ஆபீசுக்கு அழைத்து, தன் பெயரைச் சொல்லாமல் முறையிட்டாள். டிப்ஸ் கிடைத்தாலும் சம்பளத்தைத் தனியாகக் கொடுத்தே ஆகவேண்டும், விசாரிக்க ஓர் ஐயாவை அனுப்புகிறோம் என்றார்களாம். "இனி மாசம் பொறந்தா சம்பளம்டி!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

ஐயா வந்தார். யாருடைய ஜீப்பில்? முதலாளியின் ஜீப்பில்! கட்லட், கேக் என்று ஏக உபசாரம். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, சம்பளம் ஒழுங்காத் தருகினமோ?"

நான் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். சொல்லும்மா, சொல்லு!

அம்மா முதலாளியைப் பார்த்தாள். எங்கள் அறைக் கதவைப் பார்த்தாள். "குடுக்கிறாங்கய்யா" என்றாள்.

ஐயா எழுதிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள் இவள்தானே!

புறப்படும்போது ஐயா, கோப்பைக்கு அடியில் ஐந்நூறு ரூபா வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை எடுத்துக்கொண்டு மழையில் ஜீப் வரை ஓடினாள்.

"டிப்ஸ் வேணாங்கய்யா. எனக்குத்தான் சம்பளம் இருக்கே" என்று அவர் கையில் திணித்தாள்.

"நல்ல நேர்மையான பிள்ளை" என்று ஐயா முதலாளியிடம் மெச்சினார். முதலாளியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"ஒனக்கு என்னம்மா கிறுக்கா? இன்னைக்கு முழுக்க வந்ததே அது ஒண்ணுதானே!" என்று அறைக்குள் வந்து கத்தினேன். அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

பொய்யும் சொல்லி, கைக்கு வந்த காசையும் விட்டவள் என்று பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளி நிற்கும்போது அம்மாவால் செய்ய முடிந்த ஒரே முறைப்பாடு, அந்த டிப்ஸைத் திருப்பிக் கொடுத்ததுதான் என்று எனக்கும் தெரியவில்லை, முறைப்பாட்டை விசாரிக்க வந்தவருக்கும் தெரியவில்லை.